காபியும் கஞ்சியும் கணக்கில் சேருமா?

கோடை தொடங்கியதும் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வெயில் அறிவுரை வந்துவிடுகிறது. பகல் 11 மணிமுதல் 3 மணிவரை நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், சம்பாரம் என்ற நீர்மோரும் ஓ.ஆர்.எஸ். என்ற சர்க்கரை உப்புக் கரைசலும் நல்லது என்று போகும் அந்தப் பட்டியலில், ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் ஒரு வரி இருக்கிறது. உடலில் நீரிழப்பை உண்டாக்கும் மது, காபி, தேநீர், கார்பனேற்றிய குளிர்பானங்கள் ஆகியவற்றைப் பகல்நேரத்தில் அறவே தவிர்க்க வேண்டும் என்பது அந்த வரியின் சாரம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் இதே நான்கையும் இதே காரணம் சொல்லித்தான் விலக்கச் சொல்கிறது.

இந்த வரி திருவனந்தபுரத்தின் வலியசாலையில் எப்படி வாசிக்கப்படும் என்று யோசித்துப் பார்க்கலாம். கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவைக் கடந்து போனால், காந்தளூர் மகாதேவர் கோயிலும் கிள்ளியாறும் அருகே இருக்க, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் நீண்ட அக்கிரகாரத் தெரு அது. இங்கே விடிவது டிகாக்‌ஷன் காபியில். சாப்பாட்டு மேசைமேல் இருப்பது பதிமுக மரச்சீவல் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெள்ளம், மலையாளத்தில் தண்ணீருக்கு அதுதான் பெயர். வெயில் ஏறினால் சம்பாரம், மதியம் ரசமும் மோரும், நாலு மணிக்கு மறுபடி காபி, வயதானவர்களுக்கு ராத்திரி கஞ்சி. இரண்டு தெரு தள்ளிச் சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர்களுக்கோ பகல் முழுக்கப் பால் சேர்க்காத கட்டன் சாயா. தமிழ்ப் பழக்கமும் மலையாளப் பழக்கமும் ஒரே அடுப்பில் கலந்த இந்தக் குடிப்பழக்கத்தில், வெறும் தண்ணீர் என்பது பாதிகூட இல்லை.

ஆகவே கேள்வி உண்மையானது. ஒரு நாளைக்கு உடம்புக்குப் போக வேண்டிய நீரில் இவற்றில் எவையெல்லாம் சேரும்? அறிவுரையின்படி காபியும் தேநீரும் சேராதது மட்டுமல்ல, இருப்பதையும் குறைத்துவிடும். ஆதாரங்களை எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கூற்றில் பாதி நிற்கிறது, பாதி நிற்கவில்லை. நிற்காத பாதி யாருக்கோ எங்கோ சிறு குழப்பம் தருவதோடு முடிவதில்லை. நம் வீடுகளில் இருக்கும் சில நோயாளிகளுக்கு அது நேரடியாகவே தீங்கு செய்கிறது. அதனால்தான் இதை விரிவாக எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் இலக்கு என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எட்டு டம்ளர் தண்ணீர் என்ற கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலும் அது உண்டு. ஆனால் அதன் வேரைத் தேடிப் போனவர்களுக்குக் கையில் கிடைத்தது அதிகமில்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியம் 1945இல், ஒரு கலோரி உணவுக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம் நாளொன்றுக்கு சுமார் இரண்டரை லிட்டர் நீர் போதும் என்றது. அதே பத்தியில், இந்த அளவில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் சொன்னது. முதல் வாக்கியம் உலகமெங்கும் பரவியது, அடுத்த வாக்கியம் உதிர்ந்துபோனது. சிறுநீரக இயக்கத்தைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஹைன்ஸ் வால்ட்டின் 2002இல் இந்த எட்டு டம்ளர் விதிக்கு அறிவியல் ஆதாரம் தேடி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மிதமான தட்பவெப்பத்தில் வாழும், ஆரோக்கியமான, கடும் உழைப்பு இல்லாத மனிதருக்கு அப்படி ஒரு கட்டாயம் இருப்பதற்கான சான்று எதுவும் தமக்குக் கிடைக்கவில்லை என்று முடித்தார்.

பின்னால் வந்த அளவுகள் கவனமாக வகுக்கப்பட்டவை. அமெரிக்க மருத்துவக் கழகம் 2004இல் ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர் என்றது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஆண்களுக்கு 2.5, பெண்களுக்கு 2 லிட்டர் என்றது. இரண்டுமே மொத்த நீருக்கான அளவுகள். குடிநீர், பானங்கள், உணவுக்குள் இருக்கும் ஈரம் எல்லாம் இதில் அடக்கம். அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்தே வருகிறது. ரொட்டியும் இறைச்சியும் உண்பவர்களுக்கே அந்த விகிதம் என்றால், சோறும் குழம்பும் ரசமும் உண்பவர்களுக்கு இன்னும் கூடும். சமைத்த சாதத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நீர். வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த பெரிய ஆய்வு, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் 5,604 பேரின் உடலில் நாள்தோறும் எவ்வளவு நீர் புகுந்து வெளியேறுகிறது என்று அளந்தது. வயது, உடல் உழைப்பு, வெப்பம், காற்றின் ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து அந்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. எல்லோருக்கும் ஒரே எண் என்பது பொருந்தாது என்பதை இதைவிட அழுத்தமாகக் காட்ட முடியாது. திருவனந்தபுரத்தின் மார்ச் மாதம் ஐரோப்பிய அளவுக்கு மேலேதான் கேட்கும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

இனி வழக்கின் மையத்துக்கு வரலாம். காபி உடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறதா?

வெளியேற்றுகிறது என்ற தரப்பைத்தான் முதலில் கேட்க வேண்டும், அதற்கும் வலுவான சாட்சி உண்டு. காபியிலுள்ள காஃபின் சிறுநீரகத்தில் அடினோசின் என்ற பொருள் செய்யும் வேலையைத் தடுக்கிறது. அதனால் சோடியம் முழுவதும் திரும்ப உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது, சோடியத்தோடு நீரும் போகிறது. இது கற்பனை அல்ல. 1997இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், ஐந்து நாள் காஃபினே தொடாதிருந்த 12 பேருக்கு ஒரே நாளில் ஆறு கோப்பைக் காபி கொடுத்தார்கள். அன்று அவர்களுடைய சிறுநீர் 753 மில்லிலிட்டர் கூடியது, உடலின் மொத்த நீர் 2.7 விழுக்காடு குறைந்தது. அறிவுரை எழுதியவர்கள் இதைக் காட்டி வாதாடினால் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த ஆய்வின் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். அன்று கொடுக்கப்பட்ட காஃபின் 642 மில்லிகிராம். 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டி நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. அதன்படி 150 மில்லிலிட்டர் டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின், ஒரு தேநீரில் 30 முதல் 65. வலியசாலைக்காரர் காலையும் மாலையும் குடிக்கும் இரண்டு டவரா காபி 240ஐத் தாண்டாது. அதைவிட முக்கியமானது ஐந்து நாள் விலக்கு. தினமும் காபி குடிக்கும் உடல் சில நாட்களிலேயே காஃபினுக்குப் பழகிவிடுகிறது, சிறுநீரைக் கூட்டும் விளைவு மங்கிவிடுகிறது. இது 1928லேயே கவனிக்கப்பட்ட உண்மை. பழக்கத்தை அழித்துவிட்டு, அளவை இரட்டிப்பாக்கிச் செய்த ஆய்வின் முடிவை, முப்பது வருடமாகக் காபி குடிக்கும் ஒருவர்மேல் ஏற்றுவது நியாயமில்லை.

பழக்கம் உள்ளவர்களையே எடுத்துக்கொண்ட ஆய்வுகள் எதிர்த்திசையில் ஒத்துப்போகின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2005இல் 59 ஆண்களை 11 நாள் கட்டுப்பாட்டில் வைத்துக் காஃபின் அளவை மாற்றிப் பார்த்ததில், உடலின் நீர்நிலையில் வேறுபாடு இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் 2014இல், தினமும் மூன்று முதல் ஆறு கோப்பைக் காபி குடிக்கும் 50 ஆண்களுக்கு மூன்று நாள் நான்கு கோப்பைக் காபி, இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் நீர், எடை, சிறுநீர், ரத்தம் எதிலும் பொருட்படுத்தத்தக்க நீரிழப்பு காணவில்லை. 2011இல் தேநீருக்கும் இதேபோல் ஒரு சிறிய ஆய்வு, இதே முடிவு. 2016இல் பிரிட்டனில் 72 ஆண்களுக்கு ஒரு லிட்டர் பானத்தை அரை மணி நேரத்தில் குடிக்கச்செய்து நான்கு மணி நேரச் சிறுநீரை அளந்தார்கள். காபி, தேநீர், கோலா, ஆரஞ்சுச் சாறு, சோடாநீர் எல்லாம் தண்ணீரைப் போலவே நடந்துகொண்டன. தண்ணீரைவிட அதிகமாக உடலில் தங்கியவை பாலும் ஓ.ஆர்.எஸ்.ஸும்தான்.

இந்தத் தரப்பின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். நான்குமே ஆண்களை வைத்துச் செய்தவை. பெரும்பாலும் இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள், இதமான அறையில் உட்கார்ந்திருந்தவர்கள். பெண்கள் தெருவெங்கும் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்கலன்று அடுப்புப் புகைக்கும் வெயிலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுப் பெண்ணின் உடலை யாரும் அளக்கவில்லை. கனெக்டிகட் குழு அதே ஆண்களை வெப்ப அறையில் உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்தபோதும் காஃபினால் கெடுதல் தெரியவில்லை என்பது ஓரளவு துணை. ஆனாலும் ‘எவ்வளவு வேண்டுமானாலும் காபி குடிக்கலாம்’ என்று இந்த ஆய்வுகளிலிருந்து முடிவுகட்ட முடியாது. முடிவுகட்டக்கூடியது இவ்வளவுதான்: பழக்கமான, அளவான காபியும் தேநீரும் உடலுக்கு நீர் கொடுக்கின்றன, எடுப்பதில்லை. ‘நீரிழப்பை உண்டாக்கும்’ என்ற அடைமொழி அவற்றுக்குப் பொருந்தாது.

மதுவின் கதை வேறு. மது மூளையிலிருந்து சுரக்கும் வாசோப்பிரெசின் என்ற ஹார்மோனை அடக்குகிறது. நீரைப் பிடித்துவை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் செய்தி அதுதான். செய்தி போகாவிட்டால் சிறுநீரகம் நீரைக் கைவிடுகிறது. மென்மையான பீரில் இந்த விளைவு சிறியது. 2016 ஆய்விலேயே பீர் தண்ணீரிலிருந்து பெரிதாக விலகவில்லை. ஆனால் நம் ஊரில் விற்பது பெரும்பாலும் 42.8 விழுக்காடு மதுச்சத்துள்ள விஸ்கியும் பிராந்தியும், பீரானாலும் 8 விழுக்காடு வரை போகும் ‘ஸ்ட்ராங்’ வகை. அதோடு வெயிலில் மது, தலைசுற்றலையும் களைப்பையும் உணரும் அறிவையே மழுங்கடித்துவிடும். மதுவைப் பற்றிய எச்சரிக்கை முழுக்கச் சரி. அந்த எச்சரிக்கையைக் காபியோடு ஒரே வாக்கியத்தில், ஒரே காரணத்தின் கீழ் கோத்ததுதான் தவறு. தினமும் நாலு சாயா குடித்தும் ஒன்றும் ஆகாததைத் தன் உடம்பிலேயே பார்த்த தொழிலாளி, பட்டியலில் பக்கத்திலிருக்கும் மதுவைப் பற்றிச் சொன்னதையும் அதே அலட்சியத்தோடு தள்ளிவிடுவார்.

குளிர்பானத்தில் அறிவுரையின் தீர்ப்பு சரி, சொல்லப்பட்ட காரணம்தான் சரியில்லை. கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் நீரை வெளியேற்றுவதில்லை. குற்றவாளி சர்க்கரை. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளிவந்த ஆய்வு நம் ஊருக்கு மிகவும் நெருக்கமானது. 35 டிகிரி வெப்பத்திலும் 61 விழுக்காடு ஈரப்பதத்திலும் 12 பேர் நான்கு மணி நேரம் உழைத்தார்கள். இடையிடையே ஒரு முறை தண்ணீர், மறுமுறை சர்க்கரையும் காஃபினும் கலந்த குளிர்பானம் குடித்தார்கள். குளிர்பானம் குடித்த நாளில் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டும் ரத்தக் குறிகள் உயர்ந்தன. 12 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் ஒருவர் வியர்வையில் இழந்ததை ஈடுகட்ட பாட்டில் பாட்டிலாகக் கோலா குடிப்பதை நிறுத்த இந்தக் காரணம் போதும். 300 மில்லிலிட்டர் கோலாவில் முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்சவரம்பையே அது தாண்டிவிடும்.

இந்தச் சர்க்கரைக் கணக்கை எடுத்தால் தேநீரும் தப்பாது. டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட சாயா ஐந்து குடித்தால் ஐம்பது கிராம் ஆகிவிடும். காபி, தேநீரைக் குறைக்கச் சொல்ல உண்மையான காரணம் வேண்டுமென்றால் இதோ இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, தேநீர் வேண்டாம் என்கிறது 2024 வழிகாட்டி, அவற்றிலுள்ள டானின் உணவின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையுள்ள கேரளப் பெண்களில் 36.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. சாப்பிட்டு முடித்த கையோடு காபி குடிக்கும் வழக்கத்தை மாற்ற இது ஒன்றே போதும். உண்மையான காரணம் கையிலிருக்கும்போது பொய்யான காரணத்தை ஏன் சொல்ல வேண்டும்?

மற்ற பானங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். பதிமுக வெள்ளம், சீரக வெள்ளம், சுக்கு வெள்ளம் எல்லாம் முழுத் தண்ணீர்தான், ஒரு துளி கழிக்க வேண்டியதில்லை. பதிமுகம் ரத்தத்தைச் சுத்தமாக்கும் என்பது போன்ற பேச்சுகளை நான் ஏற்கவில்லை. அந்த வெள்ளத்தின் உறுதியான பலன் அது கொதித்தது என்பது. 2024இல் கேரளத்தில் ஹெபடைட்டிஸ் ஏ மஞ்சள்காமாலை பரவியபோது சுகாதாரத் துறை திரும்பத்திரும்பச் சொன்னதும் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்பதைத்தான். சூட்டைத் தணிக்க அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அந்தப் பலனும் போய்விடும். உணவகங்களில் இதைக் கவனித்துக் கேட்பது நல்லது.

சம்பாரம் உப்போடு நீரைத் தருவதால் வியர்த்தவருக்குப் பொருத்தமானது. பால் தண்ணீரைவிட உடலில் அதிகம் தங்கும் என்ற ஆய்வு முடிவைக் காட்டிச் சம்பாரத்துக்கும் அந்தப் பெருமையைத் தர முடியாது. அவ்வளவு தண்ணீர் ஊற்றி நீர்த்த மோரில் பாலின் புரதமும் கொழுப்பும் சொற்பமே. கஞ்சி வெள்ளத்தில் உப்புப் போட்டால் அது ஏறத்தாழ வீட்டு ஓ.ஆர்.எஸ். மாதிரியே வேலை செய்யும். அரிசியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி, உப்பை உள்ளே இழுக்கிறது, உப்பின் பின்னால் நீர் போகிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் காலராவுக்கு எதிராகக் கையாண்ட சர்க்கரை உப்புக் கரைசலின் அடிப்படையும் இதுவே. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால், கடும் உழைப்புக்குப்பின் இளநீர் மட்டும் போதாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து.

ஓ.ஆர்.எஸ். என்று பெயரிட்டு அட்டைப்பெட்டிகளில் விற்ற இனிப்புப் பானங்களைப் பற்றி ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எதற்கும் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடைவிதித்தது. ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் விளைவு அது. மருந்துக்கடையில் வாங்கும்போது உறையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சமமாகத் தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. வலியசாலையில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலையும் மாலையும் காபி, ஆக 300 மில்லிலிட்டர். நாள் முழுக்க வெள்ளம் நாலு டம்ளர், 800. சம்பாரம் 200. ரசம் 150, சாதத்தில் விட்ட மோர் 100. ராத்திரிக் கஞ்சியில் 250. மதியச் சாதம், இட்லி, காய்கறி எல்லாவற்றிலும் உள்ள ஈரம் குறைந்தது 400. மொத்தம் 2,200. ஐரோப்பிய அளவை எட்டிவிட்டது, அமெரிக்க அளவுக்கு அரை லிட்டர் குறைகிறது. வெயில் காலத்தில் இன்னும் இரண்டு மூன்று டம்ளர் வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் எண்ணினால் தெரிவது 800, அதாவது எட்டில் நாலு. இந்த இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள தூரம் 1,400 மில்லிலிட்டர்.

இந்த வயதினரிடம் ‘தாகம் எடுத்தால் குடித்தால் போதும்’ என்றும் சொல்லிவிட முடியாது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நாள் முழுக்க நீர் அருந்தாதிருந்த ஆரோக்கியமான முதியவர்கள், அதே நிலையிலிருந்த இளைஞர்களைவிடக் குறைவாகவே தாகத்தை உணர்ந்தார்கள், பிறகு குடித்ததும் குறைவு. அப்படிப்பட்டவர் விரும்பிக் குடிக்கும் ஒரே பானம் காபியாக இருந்தால், அதைப் பகலில் பிடுங்கிக்கொள்வது அவர் உடலுக்குப் போகும் நீரைக் குறைக்கும். அந்த இடத்தை வெறும் தண்ணீரால் நிரப்புவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். பேரிடர் அறிவுரை கோடிக்கணக்கானவர்களுக்கு எழுதப்படுவது, நுணுக்கம் பார்த்தால் யாருக்கும் புரியாது. காபியைக் கொஞ்சம் தப்பாகச் சொன்னாலும் மக்கள் கூடுதலாக ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார்கள், அதில் என்ன நட்டம்? இந்த வாதத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரோக்கியமானவருக்கு ஒரு டம்ளர் கூடினால் நட்டமில்லை என்பது உண்மை. சிறுநீரகக் கல் வந்தவருக்கு அது மருந்தே. 1996இல் இத்தாலியில் முடிந்த ஐந்தாண்டு ஆய்வில், நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கே மீண்டும் கல் வந்தது, மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது. கல் வந்தவர்களுக்கும் காபி எதிரி அல்ல. அமெரிக்காவில் பல்லாயிரம் பேரைப் பின்தொடர்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், காபி அதிகம் குடித்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு குறைந்தும், சர்க்கரைக் குளிர்பானம் அதிகம் குடித்தவர்களுக்குக் கூடியும் இருந்தது.

ஆனால் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இதயம் பலவீனமானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று மருத்துவர் அளந்து கொடுத்த நீரில் வாழ்பவர்கள். டயாலிசிஸ் நோயாளிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு, முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரோடு 500 மில்லிலிட்டர். மேலே சொன்ன பாட்டிக்கு ஒரு லிட்டர்தான் அனுமதி என்று வையுங்கள். ‘காபி தண்ணீர்க் கணக்கில் சேராது’ என்று வீட்டில் எல்லோரும் நம்பினால், வெள்ளம் 800 மட்டுமே எழுதப்படும். இன்னும் 200 மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். உண்மையில் அந்த வெள்ளத்தோடு காபி, சம்பாரம், ரசம், மோர், கஞ்சி எல்லாம் சேர்ந்து 1,800 உள்ளே போயிருக்கும். மிச்சம் என்று நினைத்த இடத்தில் 800 மில்லிலிட்டர் அதிகம். அந்த நீர் வெளியேற வழியில்லாமல் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் மூச்சுத்திணறலாகவும் தேங்கும். எளிமைக்காகச் சொல்லப்பட்ட ஒரு தவறு இங்கே வந்து சேர்கிறது. நட்டமில்லை என்ற வாதம் இந்த நோயாளியின் முன் நிற்காது.

வெயிலில் மக்கள் நீரிழந்து விழுவதற்குக் காபி காரணம் அல்ல என்றால் எது காரணம்? பெண்களைப் பொறுத்தவரை பெரிய விடை கழிப்பறை இல்லாதது. கோழிக்கோடு மிட்டாய்த்தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்களை பி. விஜி ஒன்றுதிரட்டத் தொடங்கியபோது முதல் கோரிக்கை கழிப்பறைதான். போக இடமில்லாததால் அவர்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே நின்றார்கள். கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிய 2018ஆம் ஆண்டின் கேரளத் திருத்தம் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சி. 2024 பிப்ரவரியில் கேரளப் பள்ளிகளில் காலை 10.30க்கும் பிற்பகல் 2.30க்கும் ‘வாட்டர் பெல்’ அடிக்கத் தொடங்கியது நல்ல ஏற்பாடு. ஆனால் சுத்தமான கழிப்பறை இல்லாத பள்ளியில் மணி அடித்தாலும் பெண் பிள்ளைகள் குடிக்கமாட்டார்கள். ஆற்றுக்கால் பொங்கல் நாளில் அடுப்பருகே காத்திருக்கும் பெண்களுக்கு வழியெல்லாம் சம்பாரமும் நாரங்கா (எலுமிச்சை) வெள்ளமும் கொடுக்கும் வீடுகள், தங்கள் குளியலறைக் கதவையும் அன்று திறந்துவைத்தால் அதுவே பெரிய உபகாரம். எந்தப் பானம் சேரும் என்று எடைபோடும் கட்டுரையில் இதற்கு இடமுண்டா என்று கேட்கலாம். குடிக்கத் துணியாத ஒருவருக்கு எந்தப் பானமும் சேராது என்பதால் இடமுண்டு.

ஆகவே என் தீர்ப்பு இது. மதுவைத் தவிர, நீர் கலந்த எல்லாப் பானமும் உடலின் நீர்க் கணக்கில் முழுமையாகச் சேரும். பழக்கமான, அளவான காபிக்கும் தேநீருக்கும் எந்தக் கழிவும் இல்லை. குளிர்பானம் நீர்க் கணக்கில் சேர்ந்தாலும் சர்க்கரைக் கணக்கில் தோற்கிறது, வெயிலில் உழைப்பவருக்கு அது வேண்டாம். தண்ணீர்தான் முதலிடம், காசும் சர்க்கரையும் இல்லாமல் வேலையைச் செய்வதால். பேரிடர் ஆணையங்களின் அந்த ஒரு வரி திருத்தப்பட வேண்டும். மதுவுக்குத் தனி வரி, சர்க்கரைப் பானத்துக்கு அதன் உண்மைக் காரணத்தோடு தனி வரி, காபி தேநீருக்கு ‘இனிப்பைக் குறைத்து அளவாக, தண்ணீருக்குப் பதிலாக அல்ல, தண்ணீரோடு’ என்று ஒரு வரி. மூன்று வரிகளில் யாருக்கும் குழப்பம் வராது.

ஆணையம் திருத்தும்வரை காத்திருக்க முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ சிகிச்சையில் இருந்து, நீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் குடிக்கும் டம்ளரின் கொள்ளளவை இன்றே அளந்துவையுங்கள். காபி, தேநீர், மோர், ரசம், கஞ்சி, இளநீர் எதையும் விடாமல் ஒரு நாள் முழுக்க எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.